ஓரத்தில் தெரிகிற கை

எடிட்டிங் மேதையான என் தம்பிக்கு,

அப்பாவின் கடைசிப் பிறந்தநாள் வீடியோவைக் குடும்ப குரூப்பில் பார்த்தேன். அப்பாவை நான் பார்த்துக்கொண்ட நாலு வருஷத்தில் அந்த ஒரே ஒரு நாள் வந்தாய். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, அதன் முன்னால் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாய். இப்போது உன் எடிட்டிங்கில் படம் மெல்ல ஜூம் ஆகி அப்பா முகத்துக்குப் போகிறது. அங்கிருந்து வழுக்கிக்கொண்டு உன் கண்ணீருக்கு நகர்கிறது. வயலின் வேறு. சித்தி மூன்று தடவை பார்த்து அழுதாராம்.

அப்பாவுக்கு சூப் ஊட்டிக்கொண்டிருந்த என்னை உன் ஜூம் வெளியே தள்ளிவிட்டது. ஓரத்தில் ஸ்பூனோடு ஒரு கை மட்டும் மிச்சம். "அந்த நர்ஸம்மா நம்பர் கிடைக்குமா?" என்று உன் மாமியார் கேட்கிறார்.

அதைக்கூட விட்டுவிடுவேன். அப்பாவின் உதடு அசைகிற இடத்தில், "என்னைத்தான் கூப்பிடுகிறார்" என்று எழுத்து ஓடவிட்டிருக்கிறாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். அன்றைக்குக் கேமராவைப் பார்த்து அழுவதில் மும்முரமாக இருந்தாய். எடிட் செய்யும்போது சத்தத்தை அணைத்துவிட்டாய். பக்கத்தில் இருந்த எனக்குக் கேட்டது.

"யாரும்மா இவரு?" என்றுதான் அப்பா என்னிடம் கேட்டார்.

"வீடியோ எடுக்க வந்தவருப்பா."

"பாவம், டீ குடுத்து அனுப்பு."

கொடுத்தேன். நீயும் குடித்துவிட்டுத்தான் போனாய்.

இப்படிக்கு,
அந்தக் கையின் சொந்தக்காரி