உறியில் வைத்த செம்பு

அன்புள்ள அத்தானுக்கு,

பட்டாளத்தில் நீங்கள் சுகமாயிருக்கக் குற்றாலநாதரை வேண்டுகிறேன். இங்கே சாரல் விடாமல் விழுகிறது. மேலகரம் வாய்க்காலில் தண்ணீர் கரை தட்டி ஓடுகிறது.

நம் செல்லப்பாவுக்கு வயிற்றோட்டம் கண்டபோது, உங்கள் அம்மா, "தண்ணி குடுத்தா இன்னும்லா வயித்தால போவும்" என்று செம்பை உறியில் தூக்கி வைத்துவிட்டார்கள். அவன் உறியைப் பார்த்தே, "எம்மா, தண்ணி" என்று கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு கேட்கவில்லை.

நேற்று தென்காசி நர்சம்மா வந்து தாய்மார்களைக் கூட்டிப் பேசினாள். "வயித்தால போற பிள்ளைக்குத்தான் கொதிச்சு ஆறின தண்ணியும் உப்புக் கஞ்சியும் நெறைய குடுக்கணும்" என்றாள். உங்கள் அம்மா பாதியில் எழுந்து வந்துவிட்டார்கள்.

அவனுக்கு வாங்கிய சட்டையை அனுப்ப வேண்டாம்.

உங்கள் அம்மா அவன் படுத்திருந்த இடத்தில் விளக்கேற்றி, அதே செம்பு நிறையத் தண்ணீர் வைக்கிறார்கள், தினமும். காலையில் நான்தான் எடுத்துக் கொட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகனைப் பெற்றவள்