'காலி' என்று எழுதி அழிக்கப்பட்ட வாயு குறித்து

அனுப்புநர்:
ஆராய்ச்சி மாணவியின் தங்கை (கல்லூரியை இரண்டாம் ஆண்டில் விட்டவள்),
பேருந்துப் பணிமனை எதிரில், மாடி வீடு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பல்கலைக்கழகக் கணினி மையம்.

பொருள்: அக்காவின் சிமுலேஷன் கோப்புகள் தவறுதலாக அழிக்கப்பட்டமை – காப்பு நாடாக்களில் தேடித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நட்சத்திர மண்டலங்களைச் சுற்றி வாயு இருக்கிறது. அது உள்ளே விழுந்து நட்சத்திரமாகிறது. நட்சத்திரம் வெடித்தால் வெளியே வீசப்படுகிறது. ஆறி, மறுபடி விழுகிறது. இதை அப்படியே கணக்குகளாக்கி, என் அக்கா தங்கள் கணினியில் பதினான்கு மாதமாக ஓட்டிவந்தாள். மெல்லிய வாயுதானே என்று மற்றவர்கள் அந்த இடத்தை மேலோட்டமாகக் கணக்கிடுவார்களாம். அக்கா அங்கேதான் பொடிப்பொடியாகக் கணக்கிட்டாள். அதனால் ஆமை வேகம்.

2. சென்ற மாதம் அவளுக்கு முதுகில் அறுவைச் சிகிச்சை. கணினியில் சேமிப்பு இடம் நிரம்பிவிட்டது, நேரில் வந்து கோப்புகளை உறுதிசெய்யவும் என்று தங்கள் கடிதம் வந்தது. என்னை அனுப்பினாள்.

3. எழுத்தர், "உள்ள என்னம்மா இருக்கு?" என்று கேட்டார். எனக்கு அவசரம். "ஒண்ணுமில்லண்ணே, வெறும் வாயு" என்றேன். அவர் சிரித்துவிட்டு, படிவத்தில் 'காலி' என்று எழுதினார். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் எல்லாமே காலி.

4. எழுத்தர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் படிவத்தின் அடியில் 'அழிக்கும் முன் முப்பது நாள் அவகாசம்' என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. இப்போதுதான் படித்தேன். நான் படிக்கவில்லை, சரி. தாங்களுமா?

5. அக்காவுக்கு இன்னும் தெரியாது. குப்புறப் படுத்தபடி தினமும், "எதுவரைக்கும் ஓடியிருக்குடி?" என்று கேட்கிறாள். வாய்க்கு வந்ததைச் சொல்கிறேன். நேற்று எண்பத்தெட்டு சதவீதம். நூறு வந்துவிட்டால் என்ன சொல்வேன்? அவளுடைய ஆய்வுக்காலம் முடிய நான்கு மாதம். முதலிலிருந்து ஓட்டப் பதினான்கு மாதம். இந்தக் கணக்கைப் போட இயற்பியல் வேண்டாம்.

கோப்புகளை நகலெடுத்து வைக்கும் காப்பு நாடாக்களில், பழையதன் மேல் புதியதை எழுதும் முன் ஒருமுறை தேடச் சொல்லுங்கள். கிடைக்காது என்றுதான் எல்லாரும் கையை விரிக்கிறார்கள். கிடைக்காவிட்டால், அந்தப் படிவத்தில் 'காலி' என்பதையாவது அடித்துவிட்டு, உள்ளே என்ன இருந்தது என்று எழுதி, முத்திரையோடு ஒரு நகல் கொடுங்கள். அக்கா கையில் அதைக் கொடுத்துத்தான் நான் பேச ஆரம்பிக்க வேண்டும். வெறுங்கையோடு முடியாது ஐயா.

நாள்: அழித்த ஆறாம் நாள்
இடம்: தங்கள் அறை வாசல் பெஞ்சு

இப்படிக்கு,
இம்முறை இரண்டு தடவை படித்துப் பார்த்துக் கையெழுத்திடும்,
தங்கை