மேற்கே திரும்பிய வாசல்

சம்பந்தி,

இன்று காலை பெயின்டர் வந்து ஜன்னல் கம்பிகளைச் சுரண்டி, சிவப்பு பிரைமர் அடித்துவிட்டுப் போயிருக்கிறார். வீடு முழுக்க அந்த வாடை. பேத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடிவிட்டாள். நான் மட்டும் கூடத்தை விட்டு நகரவில்லை. இந்த வாடை அடித்தாலே எனக்கு உங்கள் நினைப்புதான். நாம் இருவரும் இங்கே தங்கியிருந்த மூன்று மாதமும் உங்கள் சேலையிலும் என் சேலையிலும் இதுதானே வீசிற்று?

பிள்ளைகள் நம்மை ஏமாற்றித்தான் கூட்டி வந்தார்கள். என் மகன் பாபுவும் உங்கள் மகள் பூங்கொடியும் கடலூரில் வேலைக்கு வந்து, அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் இந்தப் பழைய வீட்டை வாங்கியிருந்தார்கள். உப்புக்காற்று அரித்த வீடு. மேல்தளத்துக் கம்பிகள் துருப்பிடித்து ஊதி, காரை பெயர்ந்து விழுந்துகொண்டிருந்தது. இருவருக்கும் லீவு கிடைக்கவில்லை. வேலையாட்களைப் பார்த்துக்கொள்ள வரும்படி பாபு என்னைக் கூப்பிட்டான். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, திருக்கோவிலூரில் மாறி, பையும் கையுமாக வந்து நுழைந்தால், கூடத்தில் நீங்கள் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தீர்கள். வெள்ளிமலையிலிருந்து உங்களை வரவழைத்தது பூங்கொடி. நான் வருவதை உங்களுக்கும் அவள் சொல்லவில்லை.

அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம். விரும்பிச் செய்துகொண்ட கல்யாணம். மலையில் பெண் எடுத்தால் ஊரில் என்ன பேசுவார்களோ என்று பயந்து, பெண் கேட்டு நான் உங்கள் வீட்டுக்கு வரவேயில்லை. கோயிலில் தாலி கட்டும்போது வந்து நின்றேன். பந்தியில் உட்காராமல் திரும்பினேன். அதற்குப் பிறகு உங்களை அன்றுதான் பார்க்கிறேன். முதல் வாரம் முழுக்க உங்களை முறை வைத்துக் கூப்பிடாமல், “இந்தாங்க”, “கொஞ்சம் பாருங்க” என்றே ஓட்டினேன். நீங்களோ முதல் நாளே வாய் நிறைய சம்மந்தி என்றீர்கள்.

சண்டை போட மட்டும் எனக்கு முறை தேவைப்படவில்லை. வீட்டின் வாசல் கடலைப் பார்த்து இருந்தது. அது அப்படியே இருக்க, பக்கத்தில் பெரிய கண்ணாடி ஜன்னலும் வைத்து, கட்டிலில் இருந்தபடியே கடலைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை. நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை, வாசலையே மேற்கே திருப்பவேண்டும் என்றீர்கள்.

“கடலு எங்கயும் போவாது சம்மந்தி. பாக்கணும்னா நாலு எட்டு நடந்து போய்ப் பாக்கலாம். காத்த வூட்டுக்குள்ள கூட்டியாந்து வச்சிக்கினா அது சும்மா இருக்குமா?”

காற்று வருகிற திசையில் உங்கள் வீட்டில் வாசல் வைக்கவில்லை என்றீர்கள். மலை வேறு கடல் வேறு என்றேன் நான். நடுவில் கரண்டியோடு நின்ற கொத்தனார், இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்ததும் ஆள் அனுப்பச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

இரண்டாவது வாரம் மணல் லாரி வந்தது. ஆற்று மணல் என்றார் டிரைவர். நீங்கள் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தீர்கள். இத்தனை பேர் எதிரில் மண்ணைத் தின்கிறீர்களே என்று எனக்கு மானம் போனது. துப்பிவிட்டு, உப்புக் கரிக்கிறது, கடல் மணல் கலந்திருக்கிறது, இறக்க வேண்டாம் என்றீர்கள். டிரைவர் சிரித்தார். மலையிலிருந்து இறங்கி வந்த அம்மாவுக்கு மணலைப் பற்றி என்ன தெரியும் என்று கொத்தனாரிடம் கேட்டார்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு, சம்பந்தி. ஊரில் யாராவது அப்படிச் சிரித்துவிடுவார்களோ என்று பயந்துதான் ஒன்றரை வருடம் உங்களை விட்டு ஒதுங்கியிருந்தேன். நேரில் கேட்டபோது பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. நானும் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டேன். உப்பு. அந்த மணலில் பூசினால் உள்ளேயிருக்கிற கம்பி மறுபடி துருப்பிடிக்கும் என்பது கொத்தனாருக்கும் தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“எங்க சம்மந்தி வாணாம்னா வாணாந்தான். வண்டியத் திருப்புங்க” என்றேன்.

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். உள்ளே போய்ப் பாயையும் கீரையையும் எடுத்துவந்து, மணல் கொட்டவேண்டிய இடத்திலேயே விரித்து உட்கார்ந்தீர்கள். நானும் உட்கார்ந்தேன். உச்சி வெயில் வரைக்கும் பார்த்துவிட்டு லாரி வந்த வழியே போனது. அது முனை திரும்பியதும் நாம் சிரித்த சிரிப்பில் கீரையெல்லாம் மண்ணில் கொட்டிவிட்டது. எடுத்துக் கழுவிச் சமைத்தோம். சாப்பிடும்போது இரண்டொரு இடத்தில் நறநறவென்றது, அதற்கும் சிரித்தோம்.

அன்று சாயங்காலமே வாசல் மேற்கே திரும்பச் சம்மதித்தேன். நீங்களும் ஒரு படி இறங்கி வந்தீர்கள். என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, என் கண் உயரத்தைக் கரித்துண்டால் சுவரில் குறித்து, அங்கே மரக்கதவு போட்ட ஒரு சின்ன ஜன்னலை வைக்கச் சொன்னீர்கள். இப்போதும் அதன் வழியாகத்தான் கடலைப் பார்க்கிறேன்.

வேலை முடிகிற சமயம், ஜன்னல் கம்பிகளில் படிந்த உப்பை நல்ல தண்ணீர் ஊற்றித் துடைத்துக்கொண்டிருந்தோம். பெண் கேட்டு வராததைப் பற்றி அப்போதுதான் வாயைத் திறந்தேன். மன்னிப்பு என்ற வார்த்தை வரை கொண்டுவர நீங்கள் விடவில்லை.

“வராதது வராததுதான். அத்த இனிமே இன்னா பண்றது? இப்ப வந்தா சோறு இல்லன்னா சொல்லப்போறேன்?”

புதுமனை புகுவிழா முடிந்த மறுவாரமே ஜீப்பில் மலை ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் நீங்கள் அங்கே தெரிகிற ஊர்களின் பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். சாமைச் சோறும் அவரைக் குழம்பும் போட்டீர்கள். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். ஊர்ப் பெண்கள் வந்து எட்டிப் பார்த்தபோது, வீடு கட்ட மணலைத் தின்று பார்த்த சம்மந்தி இவங்கதான் என்று என்னைக் காட்டினீர்கள். நீங்கள் தின்றதைச் சொல்லவேயில்லை.

சில வருடம் கழித்துப் புயல் வந்தபோது நீங்களும் இங்கே வந்திருந்தீர்கள். தெருவில் நான்கு குடும்பங்கள் நம் வீட்டில்தான் இருந்தன. வாசல் கதவைத் திறந்துவைத்தே எல்லோருக்கும் கஞ்சி காய்ச்சினோம். மற்ற வீடுகளில் தாழ்ப்பாள் பெயர்ந்துகொண்டிருந்தது. அன்று வாசலைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை என்னிடம் சொல்லிக் காட்டியிருக்கலாம். சொல்லவில்லை. கஞ்சிக்கு உப்பு போதுமா என்று மட்டும் கேட்டீர்கள்.

நீங்கள் எங்களை விட்டுப் போய் இரண்டு ஐப்பசி ஆகிவிட்டது. பூங்கொடி இப்போதெல்லாம் அழுவதில்லை. உங்களைப் போலவே கொத்தனாரை மிரட்டுகிறாள், உங்களைப் போலவே குரலை உயர்த்தாமல்.

போன வாரம் இதே தெருவில் மனை வாங்கிய ஒரு அம்மா நம் வீட்டைச் சுற்றிப் பார்க்க வந்தார். அறை அறையாக நடந்துவிட்டு, ரொம்ப நல்லா இருக்குதே, எந்த இஞ்சினியர் பிளான் போட்டது, அவரிடம் நாங்களும் கேட்கலாமா என்றார்.

“இஞ்சினியர் இல்லீங்க. எங்க சம்மந்தி. வெள்ளிமலைல இருக்காங்க” என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. கூடத்தில் நின்றிருந்த பூங்கொடி என்னைப் பார்த்தாள். நான் திருத்தவில்லை. அவளும் திருத்தவில்லை, வந்தவருக்குக் காபி போட உள்ளே போனாள்.