கீழ்க்காட்டுக் கிணற்றை மூட விடமாட்டேன்

என் கண்ணு பாவாயிக்கு,

மூத்த பேரன் சங்ககிரியில் சொந்தமாக லாரி வாங்கிவிட்டான். இளையவன் ரயில்வேயில் சேர்ந்து சூரமங்கலத்தில் இருக்கிறான். மகள் வயிற்றுப் பேத்தி தாரணி விவசாயப் படிப்பில் தங்க மெடல் வாங்கியிருக்கிறாள். பெருமையை முதலிலேயே சொல்லிவிட்டேன். இனிச் சொல்லப்போவதில் எனக்குப் பெருமை இல்லை.

அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டோம். பாகம் பிரித்ததில் மேட்டுக் காடு எனக்கு, சரிவில் கீழ்க்காடு உனக்கு. என் மக்காச்சோளத்துக்கு வண்டி வண்டியாகக் கோழி எருவைக் கொட்டினேன். மழை பெய்தால் சத்தெல்லாம் கரைந்து கீழே ஓடும். உன் கிணறு பச்சைப் பாசி பிடித்து நாறியது.

"ஏனுங்க்கா, உங்க காட்டு எரு பூராவும் என்ற கெணத்துலதான் வந்து சேருது" என்றாய்.

"ஓசியில ஒரம் வருதுன்னு சந்தோசப்படு" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. அன்று முதல் சாகிற வரைக்கும் குடிதண்ணீருக்கு ரோட்டுக் குழாய்க்கு நடந்தாய். ஒரு குடமாவது நான் வாங்கிச் சுமந்தேனா?

நீ போன பிறகு உன் மகன் செல்வராசு கிணற்றை மூட மண் லாரிக்குச் சொல்லிவிட்டான். "நாத்தக் கெணறு ஆருக்குங்க பெரிம்மா?" என்றான். சுருக்கென்றது. கொஞ்ச நாள் பொறு என்று சொல்லி லாரியை நிறுத்திவைத்தேன்.

தாரணியிடம் வழி கேட்டேன். சோளக்கட்டையைக் குழியில் எரித்து, சாம்பலாகும் முன் தண்ணீர் ஊற்றி அணைத்தால் கரி கிடைக்கும். மண்ணில் போட்டால் அது சத்தை ஓடவிடாமல் பிடித்துக்கொள்ளும் என்றாள். "ஊற வெச்சுத்தான் போடோணும் அம்மிச்சி" என்றும் சொன்னாள். கரியைப் பற்றி எனக்கே பாடமா என்று அப்படியே போட்டேன். பயிருக்குப் போகவேண்டிய சத்தைக் கரியே முதலில் குடித்துவிட்டது. பயிர் வெளுத்துப் போனது.

டீக்கடையில் நாலு பேர் நடுவே செல்வராசு கேட்டான்: "ஏனுங் பெரிம்மா, சோளத்துக்குக் காமாலையா?"

விட்டேனா? அடுத்த போகத்துக்கு மாட்டு மூத்திரத்திலும் சாணிக் கரைசலிலும் இரண்டு வாரம் ஊறவைத்துப் போட்டேன். கோழி எருவையும் பாதியாகக் குறைத்தேன். இந்த மழையில் வரப்பில் குடையோடு நின்று பார்த்தேன். முன்பெல்லாம் நுரையும் நாற்றமுமாக ஓடிய தண்ணீர், வெறும் செம்மண் நிறத்தில் இறங்கியது. செல்வராசும் அள்ளி மோந்து பார்த்தான்.

"நாத்தம் கம்மிதானுங். ஆனா கெணறு இன்னும் பச்சையாத்தான கெடக்குது?"

நிசம்தான். இத்தனை வருசம் இறங்கியது ஒரு மழையில் தெளியுமா?

"மண்ணு கொட்டறதுன்னா மொதல்ல என்னைய உள்ள தள்ளீட்டுக் கொட்டு சாமி" என்றேன். வரும் ஐப்பசி வரைக்கும் தவணை கொடுத்திருக்கிறான். அதற்குள் தெளியுமா, எனக்குத் தெரியாது.

உன் முகம் பார்த்துச் சொல்லாததை ஊரே படிக்கும்படி எழுதிச் சொல்கிறேன் பாவாயி: உன் கிணற்றைக் கெடுத்தது நான்தான். ஊறிய கரி சேராத ஒரு கூடை எருகூட இனி என் காட்டில் விழாது. ஐப்பசியில் தெளியாவிட்டால் அதற்கடுத்த ஐப்பசி. எத்தனை லாரி வந்தாலும் கிணற்று மேட்டில் நான் நிற்பேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் மூத்த ஓரகத்தி,
மேட்டுக் காட்டு ராமாயி