கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர்கள்

தண்டர் பே, ஒன்டாரியோ
செப்டம்பர் 12, 1993

என் டோரீனுக்கு,

பெட்ராவையும் அவள் அம்மாவையும் இன்று காலை பஸ் ஏற்றிவிட்டேன். கால்கரி வந்து சேர ஒன்றரை நாள் ஆகும். வழிக்கு முட்டை சாண்ட்விச் பத்தாதென்று இன்னும் நாலு கட்டிக் கொடுத்தேன். பதின்மூன்று வயதுப் பெண்ணை வேறு கோச்சிடம் அனுப்புவதென்றால் அது உன்னிடம்தான் என்று அவள் அப்பாவிடம் நான்தான் பிடிவாதம் பிடித்தேன். பதினோரு வருடம் பேட்மிண்டன் இரட்டையர் ஆட்டத்தில் உன் பக்கத்தில் நின்றவள், அந்த உரிமையில் சொன்னேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அவளுக்கு ஒரே பந்தைத் திரும்பத் திரும்பப் போடாதே. நான் ஒன்றை உயரத் தூக்கிப் போட்டால் அடுத்தது வலையோரம் விழும், அதற்கடுத்தது அவள் முதுகுப் பக்கம். ஒரு நாள் புது ஷட்டில், ஒரு நாள் இறகு பிய்ந்த பழையது. வலையைக்கூடச் சில நாள் ஏற்றிக் கட்டுவேன். பயிற்சியில் பாதிக்குப் பாதி தவறவிடுவாள், பார்க்கச் சகிக்காது. ஆட்டத்தில் இறங்கினால் எது எங்கே வந்தாலும் யோசித்து எடுப்பாள்.

போன வருடம் முழுக்க நீ ஒரு வரி எழுதவில்லை. அது வேறு கணக்கு, நேரில் வைத்துக்கொள்கிறேன். உன் பெண் லெஸ்லிக்கு என் முத்தம்.

உன் ஐலி


கால்கரி
அக்டோபர் 20, 1993

அடியே ஐலி,

எழுதாததற்கு நேரில் வந்து நாலு அடி அடித்துவிட்டுப் போ. பெட்ரா சௌக்கியம். என் பயிற்சி அகாடமிக்கு அடுத்த தெருவில் ஒரு டீச்சர் வீட்டில் தங்கவைத்திருக்கிறேன், நன்றாகச் சாப்பிடுகிறாள்.

முதல் வாரம் அவளை உன் பாணியிலேயே விட்டேன். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் காபியோடு பெற்றோர் உட்கார்ந்திருப்பார்கள், உனக்குத் தெரியும். அதில் ஒரு அப்பா எழுந்து வந்து, "என்னங்க இது, கோழி துரத்துற மாதிரி இருக்கு? இந்தப் பொண்ணுக்கு மட்டையைப் பிடிக்கவே தெரியலையே!" என்றார். எனக்கு மானம் போயிற்று.

இப்போது தினம் வலது மூலையிலிருந்து ஓங்கி இருநூறு ஸ்மாஷ், அப்புறம் அதே இடத்திலிருந்து வலையோரம் மெல்ல விழும்படி இருநூறு டிராப். பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையாக நின்று அடிப்பதைப் பார்த்தால் உனக்கே கண் குளிரும். நூற்றுக்குத் தொண்ணூறு கோட்டுக்குள் விழுகிறது. உன் சர்ச் கீழ்த்தளத்தில் நீ நடத்துவது பயிற்சியில்லையடி, குப்பைக் கூடையைக் கவிழ்ப்பது. கோபிக்காமல் சிரி.

உன் டோரீன்


தண்டர் பே
டிசம்பர் 28, 1993

டோரீன்,

போனில் பேசினால் கத்திவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்த பெட்ராவுக்கு வலது தோள் தலைக்கு மேலே எழும்பவில்லை. கோட் மாட்ட அவள் அம்மா கை கொடுக்க வேண்டியிருக்கிறது. வலி குறைந்த ஒரு நாள் மெதுவாக ஆடிப் பார்த்தோம். மூலைக்குப் பந்து போட்டால் படம் வரைந்த மாதிரி அடிக்கிறாள். ஒரு கை அளவு தள்ளிப் போட்டேன், அப்படியே நட்ட கம்பமாக நின்றாள். பழக்கமான இடத்துக்கே பந்து வரும் என்று காத்திருந்தாள். நாலு வருடம் நான் சேர்த்த யோசனையை நாலே மாதத்தில் துடைத்து எடுத்திருக்கிறாய்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். உனக்கு விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பேன். ஆனால் பெட்ரா இன்னொன்றும் சொன்னாள். ஒரு நாள் ஷூவை மறந்துவிட்டு, எடுத்துவரக் காலை ஆறு மணிக்கு அகாடமிக்குப் போனாளாம்.

"கோச், சின்ன ஹால்ல லெஸ்லிக்கு அவங்க அம்மா பந்து போட்டுட்டிருந்தாங்க. ஒண்ணு மேல, ஒண்ணு வலைகிட்ட, ஒண்ணு பின்னாடி. பழைய ஷட்டில் வேற. நாம இங்க பண்றோமே, அச்சு அசல் அப்படியே. லெஸ்லி பாதியை விட்டுட்டா. அவங்க திட்டவே இல்ல."

உன் பெண்ணுக்கு ஒன்று, ஊரார் பிள்ளைகளுக்கு ஒன்றா? பொய் என்று எழுது, நம்புகிறேன்.

ஐலி


கால்கரி
ஜனவரி 15, 1994

ஐலி,

பொய்யில்லை.

எது சரி என்று உன்னைவிட எனக்கு நன்றாகவே தெரியும். அகாடமி திறந்த முதல் வருடம் எல்லோருக்கும் மாற்றி மாற்றித்தான் போட்டேன். குளிர்காலம் முடிவதற்குள் ஒன்பது குடும்பம் வேறு கிளப்புக்குப் போயிற்று. கண்ணாடிக்குப் பின்னால் உட்காருகிறவர்களுக்குப் பிள்ளை கற்றுக்கொள்வது கண்ணில் படாது. தவறவிடுவது மட்டும்தான் படும். அவர்கள் பார்க்க ஆசைப்படுவதை நான் காட்டுகிறேன். லெஸ்லி என் பெண், அவளை நான் ஏமாற்ற முடியுமா?

தோள் விஷயம் கேட்டு வருந்தினேன். குணமானதும் பெட்ராவை அனுப்பு. அவளையும் காலை ஆறு மணிக்குச் சேர்த்துக்கொள்கிறேன், லெஸ்லிக்கும் எதிரே ஆட ஆள் வேண்டும். ஆனால் நீ யாரிடமும் மூச்சு விடக்கூடாது. இத்தனை வருட சிநேகத்துக்காகக் கேட்கிறேன்.

டோரீன்


தண்டர் பே
மார்ச் 23, 1994

திருமதி டோரீன் பாலுக் அவர்களுக்கு,

வழக்கம்போல் "என் டோரீனுக்கு" என்று தொடங்கினேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

உங்கள் ஜனவரிக் கடிதத்துக்கு நான் உடனே பதில் போடவில்லை. ஒரு வாரம் முழுக்க, ஒத்துக்கொண்டால் என்ன, பெட்ரா ஒருத்தியாவது தப்பிப்பாளே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மற்ற பதினொரு பேரை அந்த வாரம் நான் மறந்தே போனேன். அதை நினைத்தால் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. கடைசியில் பெட்ராவிடமே கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, "அங்க நான் போகல, கோச்" என்றாள்.

போன சனிக்கிழமை வினிபெக் போட்டியில் லெஸ்லி ஜெயித்தாள். நன்றாக ஆடினாள், குழந்தைமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் சூப் கோப்பையோடு உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன். உங்களிடம் பயிலும் அந்தச் சிவப்புத் தலைமுடிச் சிறுமி முதல் ஆட்டத்திலேயே தோற்றிருந்தாள். அவள் அம்மா உங்களிடம் கேட்டாள்.

"லெஸ்லிக்கு மட்டும் எப்படிங்க வருது? என் பொண்ணும் அதையேதானே பண்றா?"

நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்.

"அதையேதாங்க. லெஸ்லி மனசு வெச்சு அடிக்கிறா. உங்க பொண்ணுக்கு அந்த ஆர்வம் இன்னும் வரல."

அந்தச் சிறுமி மட்டையை உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். பாதியில் சிக்கிக்கொண்டது, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். உங்கள் வியாபாரத்தைக்கூட ஏதோ பிழைப்பு என்று விட்டிருப்பேன். குற்றத்தைத் தூக்கி அந்தப் பிள்ளையின் தலையில் வைத்தீர்களே!

நீங்கள் பரிசு வாங்கப் போன பிறகு நான்தான் அந்த அம்மாவிடம் பேசினேன். "ஒரு நாள் காலைல ஆறு மணிக்கு அகாடமியோட பக்கவாட்டுக் கதவு வழியா உள்ள போய்ச் சின்ன ஹாலைப் பாருங்க. பார்த்துட்டு மத்தவங்களையும் கூட்டிட்டுப் போங்க" என்றேன். யார் சொன்னது என்று நீங்கள் தேடி அலைய வேண்டாம். என் பெயரையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கிளம்பும்போது அந்தச் சிறுமி என் சட்டையை இழுத்து, "அப்ப நான் மக்கு இல்லையா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. ஏனென்றால் அதைச் சொன்னது நீங்கள் இல்லை.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

ஐலி லெஹ்டினன்