நூற்றுப் பதினேழாம் எண் போத்தல்

பதுளை
23.9.1978

அன்புள்ள மகன் சின்னராசாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாரியம்மன் கண் திறந்து பார்த்துக்கொண்டிருப்பதால் நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். கோத்தகிரியில் நீயும் மருமகளும் பேரப்பிள்ளையும் அதே மாதிரி சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு, வாய் மட்டும் குறையவில்லை. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அவருக்கு வாசித்துக் காட்டும்போது ஓரிடத்தில் சத்தத்தை நிறுத்தி, அந்த வரிகளை மனதுக்குள் மட்டும் வாசித்துவிட்டு அடுத்ததுக்குத் தாவினேன். பிள்ளைகளின் பீயைப் போத்தலில் வைத்துக் காவல் காக்கிற வேலை நமக்கு எதற்கு, சம்பந்தி வீட்டில் கேட்கிறார்கள், சொல்ல வெட்கமாக இருக்கிறது, விட்டுவிட்டு அடுத்த கப்பலில் வந்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். உனக்கு வெட்கமாக இருந்தால் இருக்கட்டும், எனக்கு இல்லை. நான் வேலையை விடவும் மாட்டேன், இப்போது வரவும் மாட்டேன். ஏன் என்று கேட்பதற்கு முன்னால் முழுவதையும் வாசி, பாதியில் மடித்துச் சட்டைப் பையில் வைக்காதே.

வயிற்றுப்போக்கில் தோட்டத்துக் குழந்தைகள் ஏன் சாகின்றன என்று கண்டுபிடிக்கத்தான் இங்கே இந்த ஆராய்ச்சி அறையைத் திறந்தார்கள். வெளிநாட்டுப் பணம், கொழும்பிலிருந்து மாதம் ஒருமுறை வரும் பெரிய டாக்டர், தினமும் இருக்கும் சின்ன டாக்டர் நபீலா, அப்புறம் நான். மேமலைத் தோட்டத்தில் நூற்று நாற்பத்து மூன்று பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மலப் போத்தல், இரத்தத்தைச் சுழற்றினால் மேலே தெளிந்து நிற்கும் தண்ணீர் ஒரு சின்னப் போத்தல். எல்லாம் ஐஸ் கட்டும் பெரிய பெட்டிக்குள் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கிறது. எது எந்தத் தட்டில், எத்தனையாவது வரிசையில் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மையால் எழுதினால் ஈரத்தில் கரைந்துவிடும், அதனால் பிளாஸ்டரில் பென்சிலால் எழுதி, மேலே நூலும் கட்டுகிறேன். இதை எந்த டாக்டரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. காலையும் மாலையும் குளிர் எவ்வளவு என்று பார்த்து எழுத வேண்டும். கரண்ட் போனால் கதவைத் திறக்கவே கூடாது. போன மாதம் மழையில் ஒன்றரை நாள் கரண்ட் இல்லை. மீன்கடை லத்தீப் நானாவிடம் ஐஸ்கட்டியும் உப்பும் வாங்கி, பெட்டியைச் சுற்றி அடுக்கி, அப்பா விடியக்காலைப் பெரட்டுக்குப் போர்த்திக்கொண்டு போன கம்பளியை மேலே போர்த்திக் காப்பாற்றினேன். அப்பா அன்றைக்கு முழுக்கக் குளிரில் நடுங்கிக்கொண்டு என்னைத் திட்டினார்.

ஆடி மாதம் பழைய நூல்களை மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தபோது நூற்றுப் பதினேழாம் எண் போத்தல் கையில் வந்தது. ஐந்து மாதப் பெண் குழந்தை, தாய்ப்பால் மட்டும் என்று பதிவு இடாப்பில் இருக்கிறது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்ளே கொய்யா விதை! பல் முளைக்காத பிள்ளை கொய்யாப்பழம் தின்றதாம். நான் மற்றதையும் எடுத்துப் பார்த்தேன். தண்ணீராய்ப் போகிற பிள்ளைகள் என்று எழுதியிருக்கிற போத்தல்களில், உறைந்திருந்தாலும் உருவம் தெரிகிறது, முக்கால்வாசி கட்டியாய்ச் சுகமாய் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மேமலைக்குப் போனேன். அந்தப் பிள்ளையின் தாய் இராக்கம்மா, கீழ் லயத்து வரிசையில் கடைசிக் காம்பரா வீடு. பிள்ளை பங்குனியிலேயே செத்துப்போய்விட்டது என்று அங்கே போனபிறகுதான் தெரிந்தது. நான் கேட்டதும் அவள் ஒளிக்கவில்லை. "சீக்குப் புள்ளயோடத எப்படிக்கா அன்னியக் கையில குடுக்கிறது? பேரையும் எழுதிக்கிட்டுப் போறாங்க. பேரும், ஒடம்புலேருந்து வந்ததும் ஒரே எடத்துல கெடந்தா எவனாச்சும் செய்வினை வச்சிருவான்னு பயம். அதான் மூத்தவனோடத குடுத்தேன். அவன் கல்லு மாதிரி இருக்கான், அவன ஒண்ணும் செய்யாது" என்றாள். லயத்தில் சீக்குப் பிள்ளை வைத்திருந்தவர்கள் எல்லாரும் கூடிப் பேசி இப்படித்தான் செய்திருக்கிறார்கள். பிறகு, "சரியானத குடுத்திருந்தா மருந்து கண்டுபிடிச்சிருப்பாங்களாக்கா?" என்று கேட்டாள். அவளைக் குற்றம் சொல்கிறவன் என் முன்னால் வந்து சொல்லட்டும். கோட்டுப் போட்டுக்கொண்டு போய்ப் பெயரை எழுதி வாங்கினார்களே தவிர, எதற்கு என்று ஒருவரும் அவள் வாசற்படியில் உட்கார்ந்து சொல்லவில்லை.

நபீலா டாக்டரிடம் சொன்னேன். பாவம், டாக்டரம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஏனென்றால் அந்தப் போத்தல்களை வைத்துத்தான் பெரிய டாக்டர் ஏற்கெனவே அறிக்கை எழுதி வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார். பிள்ளைகளின் மலத்தில் கிருமி இல்லை, அவர்கள் குடிக்கிற பீலித் தண்ணீரில் குறை இல்லை, தாய்மாருக்குத்தான் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை என்று. மேல் லயத்துக் கக்கூசுக்குக் கீழேதான் கீழ் லயத்துப் பீலிக்குக் குழாய் வருகிறது என்பது அங்கே கொழுந்து பறிக்கிற யாரைக் கேட்டாலும் தெரியும். நான் எட்டுத் தாய்மாரைப் பதுளைக்குக் கூட்டிவந்து பெட்டியைத் திறந்து காட்டினேன். பெயர் எழுதின பிளாஸ்டரை எல்லாம் அவர்கள் கண்ணெதிரே உரித்துப்போட்டு, எண் மட்டும் எழுதி ஒட்டினேன். பெயர் தெரியாத போத்தலுக்கு எவன் செய்வினை வைப்பான்? பெயர்கள் உள்ள கொப்பி என்னிடம்தான் இருக்கும், டாக்டரம்மாவைத் தவிர வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டேன் என்று மாரியம்மன் மேல் சத்தியம் பண்ணினேன். அடுத்த கிழமையே உண்மையான போத்தல்கள் வரத் தொடங்கின. ஐஸில் வைப்பதற்கு முன் அன்றன்றே நபீலா டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்ததில் பாதிக்கு மேல் அமீபா. ஆனால் செத்துப்போன ஆறு பிள்ளைகள் இரண்டாம் தரம் போத்தல் தர வரமாட்டார்கள் அல்லவா? அவர்களுடையது என்று மிச்சம் இருப்பது அந்த முதல் இரத்தம்தான். ஊசி போட்டு நம் கண் முன்னால் அதே பிள்ளையின் கையிலிருந்து எடுத்தது, அதை யாரும் மாற்ற முடியாது. கிருமி வந்து போன தடம் அதில் இருக்கும், பரிசோதிக்க மூன்று வாரம் வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார்.

பெரிய டாக்டருக்கு இது பிடிக்கவில்லை. முதல் தொகுதி முழுவதும் கெட்டுப்போனது, மலமும் இரத்தமும் எல்லாவற்றையும் குழியில் கொட்டி லைசோல் ஊற்றி மூடு, ஏமாற்றின தாய்மாரின் பெயர்ப் பட்டியலைத் தோட்டத்து மேனேஜர் துரைக்கு அனுப்ப வேண்டும், அந்தக் கொப்பியையும் கொண்டுவா என்று தகவல் அனுப்பினார். நான் ஒன்றையும் செய்யவில்லை. நேற்று வெள்ளிக்கிழமை அவரே காரில் வந்து இறங்கினார். சாவி எங்கே என்றார். இடுப்பில் இருக்கிறது என்றேன். கொப்பி எங்கே என்றார். அது அம்மனுக்குச் சொந்தம் என்றேன். ஒரு வேலைக்காரி இப்படிப் பேசுவதா என்று முகம் சிவந்துவிட்டது. எண் இடாப்பை எடுத்து மேசையில் விரித்து வைத்தேன். ஐயா, இந்த அறையிலிருந்து ஒரு போத்தல் வெளியே போவதென்றால் எண், காரணம், கையொப்பம் மூன்றும் வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருப்பது உங்கள் கையெழுத்துத்தானே, நான் இன்றுவரை ஒன்றைக்கூட அதை மீறி விட்டதில்லை, இருநூற்று எண்பத்தாறு போத்தலுக்கும் நீங்களே எழுதிக் கையொப்பம் போடுங்கள், நான் கதவைத் திறக்கிறேன் என்றேன். பேனையை எடுத்தார். முதல் எண்ணை எழுதினார். காரணம் என்ற இடத்தில் பேனை நின்றுவிட்டது. கெட்டுப்போனது என்று எழுதினால், இரத்தம் கெடவில்லை என்று பக்கத்தில் நிற்கிற நபீலா டாக்டர் சாட்சி சொல்லுவார். போலி என்று எழுதினால், அவருடைய அறிக்கையும் போலி என்று அவரே கையொப்பம் போட்டதாகிவிடும். பேனையை மூடிப் பையில் போட்டுக்கொண்டு, திங்கட்கிழமை உனக்குக் கடிதம் வரும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வரட்டும். வேலை போனாலும் மூன்று வாரத்துக்கு அந்த வாசலில் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்திருப்பேன். டாக்டரம்மா வேலையைத் தொடங்கிவிட்டார்.

கார் போனபிறகு பார்த்தால் வெளியே வாங்குப் பலகையில் இராக்கம்மா உட்கார்ந்திருக்கிறாள். அரைநாள் பேர் போடாமல், சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். கொட்டப்போகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "எம்புள்ளயோடது இன்னும் இருக்காக்கா?" என்று கேட்டாள். சின்னராசா, அந்தப் பிள்ளைக்குப் பிறப்புப் பதிவு இல்லை, படம் பிடிக்கவில்லை, புதைத்த இடத்தில் இப்போது தேயிலைக் கன்று நட்டுவிட்டார்கள். உலகத்தில் அதனுடையது என்று இருப்பது அரைத் தேக்கரண்டி இரத்தத் தண்ணீர், அதுவும் என் பெட்டிக்குள். நான் கதவைத் திறந்து மூன்றாம் தட்டிலிருந்து எடுத்துக் காட்டினேன். கையில் வாங்கவில்லை. புகை மாதிரி வருகிற குளிரைப் பார்த்துக்கொண்டே நின்று, "இம்புட்டுக் குளிர்லயா வச்சிருக்கீங்க? நடுங்குமேக்கா" என்றாள். நான் அதைத் திரும்ப வைத்துக் கதவைப் பூட்டிவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். பெரிய டாக்டருக்கு முன்னால் வராத அழுகை எல்லாம் அப்போது வந்தது.

ஆகையால் மகனே, சம்பந்தி வீட்டில் கேட்டால் உள்ளதை அப்படியே சொல். சொல்ல வாய் வரவில்லை என்றால் இந்தக் கடிதத்தைக் கையில் கொடு. கப்பலைப் பற்றி இனி எழுதாதே, இந்த வேலை முடிந்தால் நானே சொல்வேன். மருமகளை வேலைக்கு நடுவில் கொஞ்சம் உட்கார விடு. நீயும் உன் மனைவியும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நிறைந்து வாழ அம்மனை வேண்டுகிறேன், அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். பேரப்பிள்ளைக்குக் கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும் கொடுங்கள், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
மேமலைப் பிள்ளைகளின் போத்தல்களுக்குப் பொறுப்பாக இருக்கும்
உன் அம்மா ஜெயலெட்சுமி