அம்மாவை விட்டுவிட்டுப் போன பயணங்கள்

அன்பு மகள் டீகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எலிசபெத் ஊரில் நானும் அம்மாவும் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே பெர்கன் குளிரில் நீயும் மாப்பிள்ளை சிண்ட்ரேயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். உன் மாமனார் அர்வித்தும் மாமியார் தோருனும் இந்நேரம் ஊர் வந்து சேர்ந்திருப்பார்கள். நடந்ததை உன்னிடம் சொன்னார்களோ என்னவோ, சொல்லாமல் இருந்தால் அது அவர்கள் பெருந்தன்மை. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறாள், அவள் காதுபடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்று. பக்கவாதம் வந்த பிறகு அம்மாவுக்குப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது என்று உன்னிடம் சொல்லி வந்தேன் அல்லவா, அது முழு உண்மை இல்லை. நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிகிறது, ஆனால் அவள் வாயில் வருவது ஒரே ஒரு சொல்தான். எழவு. பசித்தாலும் எழவு, தண்ணீர் வேண்டுமென்றாலும் எழவு, கோபம் வந்தாலும் அதேதான். மூளையில் பேச்சு இருக்கிற இடம் அடிபட்டால் சிலருக்கு இப்படித் திட்டுகிற சொல் மட்டும் மிஞ்சும் என்று மருத்துவர் சொன்னார். நீ கூப்பிடும்போதெல்லாம் அம்மா தூங்குகிறாள் என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுதான், அவள் தூங்கவில்லை.

சம்பந்திகள் அடிலெய்டு வருகிறார்கள் என்றதும் அம்மாவை எப்படி மறைப்பது என்றுதான் முதலில் யோசித்தேன். படித்தவர்கள், முதல் தடவையாக வருகிறவர்கள், அவர்கள் முன்னால் இவள் இப்படிப் பேசினால் உன் மரியாதை என்ன ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் மரியாதையைத்தான் நினைத்தேன். மேசையில் வரைபடத்தை விரித்து வைத்து ஒவ்வொரு நாளும் விடிந்ததும் கிளம்பி இருட்டியதும் திரும்புகிற மாதிரி ஊர் ஊராகத் திட்டம் போட்டேன். முதல் நாள் ஹாண்டார்ஃப், மறுநாள் கடற்கரைப் பக்கம், அதற்கடுத்து பரோசா திராட்சைத் தோட்டங்கள். அம்மா எதிரே உட்கார்ந்து நான் பென்சிலால் கோடு போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பந்திகளிடம், அவளுக்குப் பகலெல்லாம் ஓய்வு, யாரையும் பார்க்கக் கூடாதென்று உத்தரவு என்று சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு மார்லீன் வந்து அவளோடு இருந்தாள்.

பரோசா போன அன்று வெயில் கொளுத்தியது. தோட்டத்தில் நடக்கும்போது தோருனுக்குத் தலை சுற்றி முகம் வெளுத்துவிட்டது. திரும்புகிற வழியில் காலர் என்கிற ஊருக்கு வந்ததும் அவர் காரிலேயே வாந்தி எடுத்தார், நகரத்தில் இருக்கிற ஓட்டலுக்கு இன்னும் வெகுதூரம், நம் வீடோ வழியிலேயே இருக்கிறது. வேறு வழியில்லாமல் கூட்டி வந்தேன். கதவைத் திறந்ததும் அம்மா தோருனைப் பார்த்தாள், தடியை ஊன்றிப் போய்த் துண்டை நனைத்து வந்து, சரியாக இருக்கிற கையால் அவர் கழுத்தில் வைத்தாள். எழவு, எழவு என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே வைத்தாள். நான் பதறி, உக்காருங்கன்னு சொல்றா, தப்பா நெனைக்காதீங்க என்றேன். தோருன் கண்ணைத் திறக்காமலே, அந்த வார்த்தை எனக்குத் தெரியும் டெஸ்மண்ட், கப்பல்துறைப் பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தினவ நான், பத்து வயசுப் பசங்க வாயில இதவிட மோசமா கேட்டிருக்கேன் என்றார். கொஞ்சம் தெளிந்த பிறகு என்னை நேராகப் பார்த்து, மலையும் கடலும் எங்க ஊர்லயே இருக்கு, நாங்க டீகனோட அம்மாவப் பாக்கத்தான் வந்தோம், அவங்களுக்கு உடம்பு முடியலையா, இல்ல உங்களுக்கு வெக்கமா என்று கேட்டார். அப்போதுதான் மார்லீன், தினமும் நீ கார எடுத்ததும் இவ அந்த நீலக் கவுனக் காட்டிப் போட்டுவிடச் சொல்லுவா டெஸ், தொப்பி கைப்பையெல்லாம் மடியில வச்சுக்கிட்டு சன்னல் பக்கத்துலயே உக்காந்திருப்பா, நீ திரும்பி வந்து கூட்டிட்டுப் போறதா சொல்லியிருக்கேன்னு நெனச்சேன் என்றாள். அன்றும் அம்மா நீலக் கவுனில்தான் இருந்தாள், மகளே.

மறுநாள் நான்கு பேருமாக விக்டர் ஹார்பர் போனோம். இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். கரையிலிருந்து தீவுக்குப் போகிற குதிரை டிராமில் ஏறும்போது அம்மாவுக்குக் கால் வழுக்கியது, தொண்டை கிழிய அந்தச் சொல்லைக் கத்தினாள். ஒரு பெண் தன் பிள்ளையின் காதைப் பொத்தினாள், வண்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என்னை அறியாமல் அம்மாவின் முழங்கையைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டேன். ஒரு கணம்தான். அர்வித் தாங்கிப் பிடித்தார், அவள் விழவில்லை. ஆனால் நான் கையை எடுத்ததை அவள் பார்த்துவிட்டாள். தீவுக்குப் போகும்போதும் திரும்பும்போதும் தோருன் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள், இருவரும் கடலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். வீட்டுக்கு வந்து அவள் செருப்பு வாரை அவிழ்க்கக் குனிந்து, மன்னிச்சுடு என்றேன். காலை இழுத்துக்கொண்டாள். ஒற்றைக் கையால் ரொம்ப நேரம் போராடி அவளே அவிழ்த்தாள், நான் அங்கேயே நின்றேன். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

சிண்ட்ரேயிடம் சொல்லி உங்கள் காரின் பனிக்கால டயரைப் பார்த்துக்கொள். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது என்னோடு பேச வேண்டாம், அம்மாவைக் கேள். ரிசீவரை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் கொல்லைப்பக்கம் போய்விடுகிறேன். அவளை அவசரப்படுத்தாதே.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு. அம்மாவின் ஆசியை அவளிடமே கேட்டு வாங்கிக்கொள், அவளுக்காகப் பேசுகிற தகுதி எனக்கு இப்போது இல்லை.

உன் அப்பா,
டெஸ்மண்ட்